கடைசிச் சொல் ரெகுலேட்டர்

அவளுக்கு மடிப்பு என்று பெயர் வைத்தது யார் என்று அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவள் அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பிறகு பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அவள் மட்டும் இன்னும் மாணவி. புரதங்கள் மடிவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், ஆகவே மடிப்பு. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. நம் உடம்பில் புரதம் உருவாகும்போது நூல் மாதிரி நீளமாகத்தான் கிடக்கும். அது அதற்குரிய விதத்தில் மடிந்தால்தான் வேலைக்கு ஆகும், கன்னாபின்னாவென்று மடிந்தால் வியாதி. ஒழுங்காக மடிகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வதற்கு இன்னொரு புரதம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் பாஷையில் அதற்கு ரெகுலேட்டர் என்று பெயர். இதை அவள் வீட்டில் விளக்கியபோது மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியில் மலையாகக் குவிந்திருந்த துவைத்த துணியைப் பார்த்தார்.

"மடிக்கிறதுக்கா இத்தனை வருஷமா படிக்கிறே?"

கணவன் போய் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தான். நல்ல மனுஷன்.

இத்தனை வருஷப் படிப்புக்கும் இப்போது ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. ஒரு நோயாளி இறப்பதற்கு முன் தானமாகக் கொடுத்த திசுவிலிருந்து வளர்த்த செல்களில், அந்த ரெகுலேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் சந்தேகப்பட்டாள். அதைக் காட்டிவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் ஆசிரியை வேலை காத்திருக்கிறது, ஆனால் ரொம்ப நாள் காத்திருக்காது என்று கல்லூரிக்காரர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். செல்களும் காத்திருக்காது. உறைபெட்டியில் இருந்தவற்றில் கடைசிக் குப்பியை எடுத்து உயிர்ப்பித்தாயிற்று. அவை பெருகும், கொஞ்ச நாளில் கிழடு தட்டி நின்றுவிடும். கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தி வைத்தாலும் நாள்பட்டால் நம்ப முடியாது. கொடுத்த புண்ணியவானிடம் திரும்பப் போய்க் கேட்கவும் வழியில்லை.

அந்தப் புரதத்தைக் கண்டுபிடிக்க மோனோகுளோனல் ஆன்டிபாடி வேண்டும். ஒரே ஒரு செல்லின் வம்சத்திலிருந்து வருவதால் எல்லாத் துளியும் ஒரே குணம். செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் நெரிசலாக இருந்தாலும் தனக்கு வேண்டிய ஆளை மட்டும் போய்ச் சட்டையைப் பிடிக்கும், மற்றவர்களைச் சீண்டாது. அதற்குப் பச்சை ஒளியைப் பூட்டிவிட்டால் நுண்ணோக்கியில் ஆள் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். அதை வரவழைக்க அவள் எத்தனை பேர் காலில் விழுந்தாள் என்பது தனிக் கதை, அதை விடுவோம். வந்துவிட்டது. ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ளே பனிக்கட்டிப் பொட்டலங்கள், நடுவில் சுண்டுவிரல் நுனியளவு குப்பி, குப்பியின் அடியில் ஒரு சொட்டு. பெட்டி வந்து இறங்கிய இடம் பொருள் காப்பகம். அங்கேதான் வந்தது வினை.

பொருள் காப்பாளர் சாதாரண ஆள் இல்லை. அவர் பதவிக்கு வருவதற்கு முன்பு வருகிற பொருளையெல்லாம் பெயரின் முதல் சொல்லை வைத்துப் பிரித்தார்கள். அந்தக் காலத்தில் எலிப்பொறிகளெல்லாம் எலிகளை வளர்க்கிற பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன, எலிகளை வளர்க்கிறவர் மனம் நொந்து நீண்ட விடுப்பில் போனார். புதிய காப்பாளர்தான் கடைசிச் சொல் கொள்கையைக் கொண்டுவந்தார். எலிப்பொறியில் கடைசிச் சொல் பொறி, மேசைவிளக்கில் கடைசிச் சொல் விளக்கு. பொருள் எது என்று கடைசிச் சொல்தான் சொல்லும், முன்னால் வருவதெல்லாம் அலங்காரம். இதற்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்றும் அவரே முடிவு செய்தார்.

பெட்டியின் மேல் "மோனோகுளோனல் ஆன்டிபாடி, ஹ்யூமன் புரோட்டீன் ஃபோல்டிங் ரெகுலேட்டர்" என்று ஒட்டியிருந்தது. அவர் விரலை வைத்துக் கடைசிச் சொல்வரை நகர்த்திக்கொண்டு போனார். பெட்டியை மின்பிரிவு அலமாரியில், மின்விசிறி ரெகுலேட்டர்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மடிப்பு ஓடிவந்து, அது ரெகுலேட்டர் இல்லை சார், ரெகுலேட்டரைக் கண்டுபிடிக்கிற மருந்து என்றாள். மருந்து என்று சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் அவசரத்தில் வாயில் வந்துவிட்டது.

"கண்டுபிடிக்கணுமா? அப்ப ரெகுலேட்டர் தொலைஞ்சு போச்சா?" காப்பாளரின் முகம் மாறியது. "தொலைஞ்சு போனா பாதுகாப்புப் பிரிவுல புகார் குடுக்கணும்மா. என்கிட்ட ஏன் வர்றீங்க?"

தொலையவில்லை, எல்லார் உடம்பிலும் இருக்கிறது, உங்கள் உடம்பிலும் இருக்கிறது என்று அவள் சொன்னாள். காப்பாளர் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காப்பகத்துக் கணக்கில் வராத பொருள் எதையும் தான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

மின்பிரிவு மேற்பார்வையாளர் சோதித்துச் சான்று கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும். அவர் தலைமைக் கட்டடத்துக்கு ஒயரிங் பார்க்கப் போயிருந்தார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பெட்டிக்குள் பனிக்கட்டி உருகாமல் இருக்கவேண்டும். மடிப்பு காலையிலும் மாலையிலும் ஆய்வகத்திலிருந்து புதிய பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள், உருகினதை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் நாளே காப்பக வாசலில் காவலாளி மறித்தார். உள்ளே போகும்போது அவள் கொண்டு போனது கட்டி, வெளியே வரும்போது கையில் இருப்பது தண்ணீர். கொண்டு போன பொருளைத்தான் திரும்ப எடுத்து வரலாம் என்பது விதி. கட்டி எங்கே என்று அவர் நியாயமாகக் கேட்டார். இதுதான் அந்தக் கட்டி என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைசியில், போகும்போதே "தண்ணீர், தற்சமயம் கட்டியாக உள்ளது" என்று சொல்லிவிட்டுப் போவது என்று சமாதானம் ஆயிற்று. அவளும் தினம் இரண்டு வேளை வாசலில் நின்று அதைச் சொன்னாள். இரண்டாம் நாளிலிருந்து வெட்கமும் போய்விட்டது.

வீட்டில் கணவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் செல்கள் எப்படி இருக்கின்றன என்று விசாரிப்பான், காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை விசாரிக்கிற மாதிரி. இன்றைக்கு நன்றாக இருக்கின்றன என்பாள். பிறகு ஒருநாள், கொஞ்சம் மெதுவாகப் பெருகுகின்றன என்றாள். அதற்கப்புறம் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான், அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள். மாமியார்தான் ஒருநாள் அவள் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, துணி கிடந்தால் கிடக்கிறது, நீ முதலில் சாப்பிடு என்றார்.

மேற்பார்வையாளர் ஒருவழியாக வந்தார். பழுத்த அனுபவசாலி. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். மடிப்புக்கு உயிரே போய்விட்டது. பிறகு மீட்டரை எடுத்து இரண்டு முனைகளையும் குப்பியின் இரண்டு பக்கமும் வைத்தார். முள் அசையவில்லை.

"இதுல கரண்டே போகலியேம்மா."

போகாது சார், தயவுசெய்து ஐஸில் வைத்துவிடுங்கள் என்று அவள் கெஞ்சினாள். மின்சாமான் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுவரக் கூடாது என்று அவர் அவளுக்குப் பாதுகாப்பு விதியை விளக்கினார். விளக்குகிற நேரமெல்லாம் குப்பி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"ரெகுலேட்டர்னா அஞ்சு ஸ்பீடு இருக்கணும். இதுல ஒண்ணுகூட இல்ல. கம்பெனிக்காரன் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கவலப்படாதீங்க, திருப்பி அனுப்பிடலாம். நம்ம இன்ஸ்டிட்யூட்ட யாரும் ஏமாத்த முடியாது."

திருப்பி அனுப்புவது என்று முடிவாகி, குப்பி பெட்டிக்குள் போனது. மடிப்பு நேராக இயக்குநர் அறைக்கு ஓடினாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வழக்கம்போல ஏதோ ஒரு நாட்டில் மாநாட்டில் இருந்தார். அவர் இருந்திருந்தாலும் மாநாட்டில் இருப்பது மாதிரிதான்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுவதையும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கேட்டார்.

"நானும் ஒரு காலத்துல ஆராய்ச்சி பண்ணினவன்தான்மா," என்றார். "அதுலேருந்து மீண்டு வந்துதான் இந்த நாற்காலில உட்கார்ந்திருக்கேன். உன் கஷ்டம் எனக்குப் புரியாதா?"

புரிகிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். இயக்குநர் தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு நினைவு வச்சுக்கோ. இங்க ஆராய்ச்சி நடக்கும், நடக்காமலும் போகும். அதுக்காக யாரும் நம்மளக் கேள்வி கேட்டதில்ல. நடைமுறை ஒருநாள் நடக்கலன்னா போச்சு, கேட்டுருவாங்க. நான் வந்ததுலேருந்து இங்க கண்டுபிடிப்புன்னு ஒரு பிரச்சினை வந்ததே இல்ல. அந்த நல்ல பேரக் காப்பாத்தணும்."

அன்று மதியமே ஒரு குழு கூட்டினார். அந்த நிறுவனத்தில் எதுவும் சீக்கிரம் நடக்காது, குழு மட்டும் சட்டென்று கூடிவிடும், காரணம் அந்த அறையில் ஏசி உண்டு. காப்பாளர் தன் கொள்கையை எடுத்துச் சொன்னார். மேற்பார்வையாளர் மீட்டரைக் காட்டினார். பணியாளர் பிரிவிலிருந்து வந்த அதிகாரிக்கு ஹ்யூமன் என்ற சொல்தான் உறுத்தியது. மனித ரெகுலேட்டர் என்றால் ஆள்தானே, நியமன உத்தரவு இல்லாமல் எப்படி உள்ளே விட்டீர்கள் என்று கேட்டார். குப்பியைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, தற்காலிகப் பணியாளர் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னார். இதை உருவாக்க எலியைப் பயன்படுத்தினார்களாமே என்று வேறொருவர் கேட்டதும் எல்லாரும் எலிப்பொறி விவகாரத்தை நினைத்து நாற்காலியில் நெளிந்தார்கள்.

மடிப்புக்குப் பேச வாய்ப்பு வந்தது. எழுந்து நின்றாள். புரதம், மடிவது, ஒளி எல்லாம் சொல்ல வந்தவள், "சார், என் செல்லெல்லாம் செத்துக்கிட்டிருக்கு சார்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்திலிருந்தவர் பரிவோடு தன் செல்போன் சார்ஜரை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

கடைசியில் மேற்பார்வையாளர்தான் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்தார். மடிப்பின் ஆய்வகத்தில் மின்விசிறியின் ரெகுலேட்டர் கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. விசிறி ஒரே வேகத்தில், பேய் வேகத்தில்தான் ஓடும். போட்டால் காகிதமெல்லாம் பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். புது ரெகுலேட்டர் வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள். அந்தக் கோரிக்கை இன்னும் உயிரோடு இருந்தது. ஒரு ரெகுலேட்டரை உரிய இடத்தில் மாட்டிப் பார்க்காமல் பழுது என்று திருப்பி அனுப்புவது முறையல்ல என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. மறுநாள் காலை குப்பியை அவள் அறையில் மாட்டுவது என்று முடிவாயிற்று. இயக்குநருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த திருப்தி.

எலெக்ட்ரீஷியன் காலையில் ஏணி, திருப்புளி, கறுப்பு டேப்பு சகிதமாக வந்தார். மேற்பார்வையாளர் பெட்டியோடு கூடவே வந்தார். சுவரில் சுவிட்ச் பலகையில் பழைய ரெகுலேட்டர் இருந்த ஓட்டையில் குப்பியை வைத்து டேப்பு சுற்றுவது என்று திட்டம். மேலே விசிறியின் அனல் காற்று, சுவரில் வெயில். மடிப்பு அந்த ஓட்டையைப் பார்த்தாள், மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைப் பார்த்தாள். அத்தனை வருஷம் அந்த நிறுவனத்தில் குப்பை கொட்டியது வீண் போகவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முழுக்க முழுக்க அந்த நிறுவனத்தின் யோசனை.

"அண்ணே, ஃபிரிட்ஜுக்கு ரெகுலேட்டர் உண்டா?" என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டாள்.

"உண்டே. குளிரக் கூட்டிக் குறைக்க உள்ள ஒரு திருகு இருக்குமே, அதுதான்."

"எங்களுது ரொம்ப நாளா சரியில்லண்ணே. இத ஃபிரிட்ஜுக்குள்ள மாட்டிடறீங்களா?"

எலெக்ட்ரீஷியன் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் விசிறியைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். ரெகுலேட்டர் சுவரில்தான் இருக்கவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை, ஒரே அறைக்குள் இருந்தால் போதும் என்று நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் குப்பியை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்து இரண்டு சுற்று டேப்பு ஒட்டிக் கதவை மூடினார். மூடியதும் ஃபிரிட்ஜ் உறுமியது.

மேற்பார்வையாளர் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"ஓடுதேம்மா! நல்ல ரெகுலேட்டர்தான்."

அவர்கள் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் அவள் டேப்பைப் பிய்த்தாள். செல்கள் கிழடு தட்டத் தொடங்கியிருந்தன, ஆனால் இன்னும் நிற்கவில்லை. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் "தண்ணீர், தற்சமயம் கட்டியாக உள்ளது" என்பது காதில் விழுந்திருக்கும். மறுநாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது பச்சைப் பச்சையாக எரிந்தது. இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அவள் சொன்ன இடத்தில், ஓரத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரண்டு கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. யாரோ முகம் தெரியாத ஒரு மனுஷன் கொடுத்துவிட்டுப் போனது வீணாகவில்லை என்று நினைத்து அழுதாள். பிறகு கணவனுக்குப் போன் போட்டு, செல்கள் நன்றாக இருக்கின்றன என்றாள்.

செய்தி பரவி, இயக்குநரே பரிவாரத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார். பச்சை ஒளியைப் பார்த்து, அழகாக இருக்கிறது, ஆண்டுவிழா அழைப்பிதழில் போடலாம் என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பேசத் தொடங்கினார். இந்த வெற்றி தனியொருவருடையது அல்ல, காப்பகமும் மின்பிரிவும் குழுவும் கைகோத்து உருவாக்கியது என்று அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அறையில் வேர்க்கிறதே என்று யாரோ விசிறியைப் போட்டார்கள். அவ்வளவுதான். உரை முழுவதும் எழுந்து, கூரை உயரத்துக்குப் போய், ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

"ரெகுலேட்டரக் குறைங்கப்பா," என்றார் இயக்குநர், தலைமுடியைப் பிடித்துக்கொண்டு.

காப்பாளர் பணிவாக ஃபிரிட்ஜைத் திறந்து காலிக் குப்பியைக் காட்டினார். ரெகுலேட்டர் இதுதான் சார், முறைப்படி மாட்டியாகிவிட்டது, மேடம் முழுவதையும் செலவழித்துவிட்டார்கள்.

இயக்குநர் குப்பியைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார். நல்ல நாளில் கோபப்பட விரும்பவில்லை. "அதனாலென்ன, இன்னொண்ணு வரவழைங்க," என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டு போனார்.

பட்டம் வந்தது. கல்லூரி வேலையும் கிடைத்தது. மாமியார் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் மருமகள் டாக்டர் என்று சொன்னார், ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மடிக்கிற டாக்டர். அவள் தன் சாமான்களை எடுத்துப் போக ஆய்வகத்துக்குக் கடைசியாக வந்த அன்று, வராந்தாவில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. பொருள் காப்பாளர். அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கையில் ஒரு தெர்மோகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

இயக்குநர் சொன்னபடி இன்னொன்று வந்துவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னார். போன தடவை அவள் பட்ட பாட்டைப் பார்த்துத் தனக்கு மனசு கேட்கவில்லையாம். இனி ரெகுலேட்டர் எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் காப்பகத்தில் வைக்காமல், பனிக்கட்டியில் போட்டு, மின்பிரிவுக்காரர்கள் கை படாமல் நேராக ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது என்று விதியையே மாற்றிவிட்டாராம். சொல்லிவிட்டுப் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

மடிப்பு மூடியைத் திறந்தாள். பனிக்கட்டிகளுக்கு நடுவில், வேர்த்து விறுவிறுத்து, அஞ்சு ஸ்பீடு எழுதிய வெள்ளைக் குமிழோடு, ஒரு மின்விசிறி ரெகுலேட்டர் படுத்திருந்தது. தலைக்கு மேலே விசிறி பேய் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"எத்தனை டிகிரில வைக்கணும் மேடம்?" என்றார் காப்பாளர், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அவ்வளவு அக்கறை இருந்தது.

"நாலு டிகிரி போதும் சார்," என்றாள்.